கரண்டு கொடுக்கும் முன் ஒரு எண்ணை எழுது

தென்காசிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வயரிங் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் பல வருடம் வீட்டு வயரிங் வேலைதான் செய்துகொண்டிருந்தேன். இந்தக் கல்வியாண்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பலகைகளைப் புதிதாகச் செய்து, பாடம் நடத்தும் வரிசையையும் மாற்றிப் பார்த்தேன். வழக்கமாக முதலில் இணைக்கக் கற்றுக்கொடுப்போம், கடைசியில் சோதிக்கச் சொல்வோம். நான் சோதனையை முன்னால் கொண்டுவந்தேன். அதில் நடந்ததை இங்கே எழுதிவைக்கிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இதில் 230 வோல்ட் வரும் இடங்கள் எல்லாம் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டியவை. படித்துவிட்டு வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

பலகை இதுதான். நாலடிக்கு மூன்றடி பிளைவுட். அதன் மேல் பிவிசி கேசிங் கேப்பிங் (வயர் ஓடும் மூடி போட்ட பட்டை), பல்பு மாட்ட இரண்டு பேட்டன் ஹோல்டர், ஒரு சுவிட்ச் பாக்ஸ், 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று, ஒரு ஜங்ஷன் பாக்ஸ். லைட்டுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர், சாக்கெட்டுக்கு 1.5. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பலகையைவிட அதற்குக் கரண்டு வரும் வழியில்தான் அதிகம் மெனக்கெட்டேன். சுவரில் உள்ள மெயினிலிருந்து முதலில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு எர்த்தில் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்ச்), அடுத்து 6 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் விழும் சுவிட்ச்), அதற்கடுத்து பேஸ் வயரில் தொடராக ஒரு 100 வாட் குண்டு பல்பு. இந்த சீரிஸ் பல்பைத் தாண்டி நேரடியாகக் கரண்டு கொடுக்க ஒரு பைபாஸ் சுவிட்ச் உண்டு. அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது, சாவி என்னிடம். எந்தப் பலகையும் முதல் தடவை சீரிஸ் பல்பு வழியாகத்தான் கரண்டு வாங்கும்.

அடுத்தது நோட்டு. ஒவ்வொருவரும் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘எதிர்பார்ப்பது’, வலப்பக்கம் ‘காட்டியது’ என்று எழுத வேண்டும். இடப்பக்கம் ஒரு எண் எழுதாமல் மீட்டரின் புரோபை, அதாவது அளக்கும் முனையை, தொடக்கூடாது. இது ஒன்றுதான் நான் விட்டுக்கொடுக்காத விதி. வயரிங் வேலையில் நான் பார்த்த பெரும்பாலான கோளாறுகள், மீட்டர் இல்லாததால் வந்தவை அல்ல. மீட்டர் காட்டியதைப் பார்த்துவிட்டு, ‘சரி, ஏதோ காட்டுது’ என்று நகர்ந்ததால் வந்தவை. என்ன வரவேண்டும் என்று முதலிலேயே தெரியாதவனுக்கு எந்த எண் வந்தாலும் சரியாகத்தான் படும்.

ஆரம்ப வாரங்களில் 230 வோல்ட் கிடையாது. 12 வோல்ட் அடாப்டரும் 12 வோல்ட் பல்புகளும்தான். வயரின் தோலை உரிப்பதும் ஸ்குருவில் மாட்டுவதும் இந்தக் கட்டத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும். கட்டிங் பிளேயரால் தோலைக் கடித்து இழுக்கும்போது செம்பில் ஒரு கீறல் விழும், அந்த இடத்தில் இரண்டு தடவை வளைத்தால் இழை ஒடிந்துவிடும். ஒவ்வொரு பிள்ளையும் தான் உரித்த முனையை வளைத்து ஒடித்துப் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். பிரிட்டானியா ஜாயிண்ட், வெஸ்டர்ன் யூனியன் ஜாயிண்ட் எல்லாம் பாடத்தில் இருக்கின்றன, ஒரு வகுப்பில் செய்துகாட்டி முடித்துக்கொண்டேன். இன்றைய வீட்டு வயரிங்கில் பைப்புக்குள் ஜாயிண்டே போடக்கூடாது, ஜாயிண்ட் என்று வந்தால் பெட்டிக்குள்தான். அந்த நேரத்தை டெர்மினலுக்கு, அதாவது வயரை மாட்டும் ஸ்குரு முனைக்கு, கொடுத்தேன். வீட்டில் சூடாகி உருகுவது பெரும்பாலும் லூசான ஸ்குருதான். இழைகளை முறுக்கி, ஸ்குரு இறுகும் திசையிலேயே வளையம் போட்டு, இறுக்கியபின் வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

அப்புறம் மல்டிமீட்டர். முதல் கணக்கு 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் தடை ஓமில் வரும். 230 பெருக்கல் 230 வகுத்தல் 1000, கிட்டத்தட்ட 53. எல்லோரும் இடப்பக்கம் 53 என்று எழுதினார்கள். பிளக்கின் இரண்டு பின்னிலும் புரோபை வைத்தால் மீட்டர் ஐம்பதை ஒட்டி ஒரு எண்ணைக் காட்டியது. வகுப்பே உற்சாகமாகிவிட்டது. அதே கையோடு 100 வாட் குண்டு பல்பைக் கொடுத்தேன். கணக்குப்படி 529 ஓம். மீட்டர் நாற்பதைச் சுற்றிக் காட்டியது.

‘மீட்டர் கெட்டுப்போச்சா சார்?’ என்று ஒரு பெண் கேட்டாள்.

‘இப்பத்தானே பாப்பா இஸ்திரிப் பெட்டிக்குச் சரியா காட்டுச்சு?’

கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். ‘பல்பு ஓம் கம்மியா இருந்தா வாட் கூடும்ல’ என்று ஒருவன் 40 ஓமுக்குக் கணக்குப் போட்டான். 1300 வாட்டுக்கு மேல் வந்தது. 100 வாட் பல்பு 1300 வாட் எடுக்குமா? எடுக்கும், போட்ட அந்த நொடியில் மட்டும். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, வெண்மையாகச் சுடும்போது பத்து மடங்குக்கும் மேல் ஏறிவிடும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதைவிட சுவிட்ச் போடும் நொடியில் அடிக்கடி பியூஸ் போவதற்கு இதுதான் காரணம். இஸ்திரிப் பெட்டியில் இருப்பது நிக்ரோம் என்ற உலோகக் கலவை, அதன் தடை சூட்டில் பெரிதாக மாறாது. இரண்டு எண்களும் நோட்டில் அருகருகே இருந்ததால்தான் அந்தக் கேள்வி வந்தது. நானாக இதைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் ஒரு வரியாகப் போயிருக்கும்.

230 வோல்ட்டுக்கு வந்ததும் முதல் வேலை சீரிஸ் பல்பைப் படிப்பது. பலகையில் எதுவும் இணையாமல் இருந்தால் சீரிஸ் பல்பு எரியாது. பேஸும் நியூட்ரலும் எங்காவது ஒட்டியிருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். ஹோல்டரில் இன்னொரு 100 வாட் பல்பு போட்டு சுவிட்சை அழுத்தினால் இரண்டும் மங்கலாக எரியும், ஆளுக்குப் பாதி வோல்ட். இது பழைய எலக்ட்ரீஷியன்கள் எல்லோருக்கும் கைவந்த விஷயம். ஆனால் இப்போது எல்லா வீட்டிலும் எல்இடி வந்துவிட்டதால் இதில் ஒரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. ஒரு குழு ஹோல்டரில் 9 வாட் எல்இடி பல்பைப் போட்டது. எல்இடி பளிச்சென்று எரிந்தது, சீரிஸ் பல்பில் துளி வெளிச்சமில்லை. ‘சீரிஸ் பல்புல கரண்டே போகல சார், எங்கேயோ வேற வழியா வருது’ என்றான் ஒருவன். எல்இடி எடுக்கும் கரண்டு நூறு மில்லி ஆம்பியருக்கும் கீழே. அதில் 100 வாட் பல்பின் இழை சூடேறவே ஏறாது, அது வெறும் வயர் மாதிரி இருந்துவிடும். அதே பலகையின் சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் சீரிஸ் பல்பு ஏறக்குறைய முழுதாகவே எரிகிறது. கண்ணால் பார்த்து இது ஷார்ட்டா இஸ்திரிப் பெட்டியா என்று பிரிக்க முடியாது. ஆகவே சீரிஸ் பல்பைப் பார்ப்பதற்கு முன்பும் இடப்பக்கத்தில் எழுத வேண்டும்: எந்த லோடு (கரண்டு எடுக்கும் பொருள்), எவ்வளவு வெளிச்சம்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். சீரிஸ் பல்பு இருந்தால் ஷாக் அடிக்காது என்று பிள்ளைகள் தாங்களாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அது ஷார்ட்டிலிருந்து வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. நம் உடம்பின் தடை ஆயிரம் ஓமுக்கு மேல், குளிர்ந்த பல்பின் தடை நாற்பது. கிட்டத்தட்ட 230 வோல்ட்டும் உடம்பில்தான் விழும். ஆளைக் காப்பதற்காக வைத்தது ஆர்சிசிபி. அதுவும்கூட ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவனைக் காப்பாற்றாது, அதன் கண்ணுக்கு அவனும் ஒரு பல்பு.

மெயினை அணைத்தபின் டெர்மினலில் கை வைப்பதற்கு முன் மூன்று படி உண்டு. முதலில் அந்த மெயினை அணைத்தாலும் கரண்டு உறுதியாக இருக்கும் ஒரு இடத்தில் டெஸ்டரை வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைக்க வேண்டும், எரியக்கூடாது. மறுபடியும் முதல் இடத்துக்குப் போய் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டரின் நியான் பல்பு போயிருந்தால் இரண்டாவது படியில் அது காட்டியது பொய். கரண்டு இல்லை என்று ஒரு கருவி சொல்வதை நம்ப வேண்டுமென்றால், அந்தக் கருவி அதற்கு முன்னும் பின்னும் உயிரோடு இருந்தது தெரிய வேண்டும்.

டெஸ்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம். நம் ஊரில் சட்டைப்பையில் டெஸ்டர் வைத்திருப்பவர் எல்லாம் எலக்ட்ரீஷியன் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. டெஸ்டருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இந்த முனைக்கும் தரைக்கும் நடுவில் வோல்டேஜ் இருக்கிறது. நியூட்ரல் வந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இதைப் புரியவைக்க ஒரு பலகையில் ஜங்ஷன் பாக்ஸுக்கு முன்னால் நியூட்ரலைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் குண்டு பல்பையும் போட்டு சுவிட்சை அழுத்திவைத்தேன். பல்பு எரியவில்லை. பிள்ளைகள் சாக்கெட்டின் வலது துளையில் டெஸ்டரை வைத்தார்கள், எரிந்தது. இடது துளையிலும் எரிந்தது.

‘ரெண்டு பேஸ் வந்திருக்கு சார்!’

‘சரி, ரெண்டு பேஸுன்னா நடுவுல எத்தனை வோல்ட் காட்டணும்? எழுது.’

ஒருவன் 400 என்று எழுதினான், பெரும்பாலோர் 230. மீட்டர் பூஜ்யம் காட்டியது. வலது துளைக்கும் எர்த்துக்கும் 230, இடது துளைக்கும் எர்த்துக்கும் 230, இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அதே ஒரு பேஸ்தான் பல்பின் இழை வழியாக நியூட்ரல் வயருக்கு வந்து நின்றுகொண்டிருக்கிறது, திரும்பிப் போக வழியில்லாமல். சுவிட்சை அணைக்கச் சொன்னேன், இடது துளையில் டெஸ்டர் அணைந்தது. எலக்ட்ரீஷியன்கள் ‘ரிட்டன் வருது’ என்று சொல்வது இதைத்தான். இதை நேரில் பார்த்த பிள்ளை, பல்பு எரியாத வீட்டில் கறுப்பு வயர்தானே என்று கையால் பிடிக்க மாட்டான்.

எதிர்த்திசையில் ஏமாற்றுவது டிஜிட்டல் மீட்டர். எதிலும் இணையாமல் சும்மா தொங்கும் வயர், கரண்டு உள்ள வயருக்குப் பக்கத்திலேயே கேசிங்குக்குள் ஓடினால், மீட்டர் அதில் 50, 80 என்று ஏதாவது வோல்ட் காட்டும். நல்ல மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம் அளவில் இருப்பதால் துளிக் கசிவுகூட அதற்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் ஒரு டெஸ்ட் லாம்ப் (ஹோல்டரில் இரண்டு வயர் மாட்டிய 100 வாட் குண்டு பல்பு) மாட்டிப் பார்த்தால் வோல்ட் அப்படியே பூஜ்யத்துக்கு விழும். டெஸ்டர், மீட்டர், டெஸ்ட் லாம்ப் மூன்றையும் நான் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். ஒன்றால் சொல்ல முடியாததை இன்னொன்று சொல்லும்.

சுவிட்ச் பேஸில் இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே சொல்வார்கள். ஆனால் நியூட்ரலில் சுவிட்சைப் போட்டாலும் பல்பு எரியும், அணையும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சோதனை எளிது. சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு பின்னையும் டெஸ்டரால் தொட வேண்டும். இரண்டும் எரியக்கூடாது. ஒரு குழுவுக்கு ஒரு பின்னில் எரிந்தது, மாற்றிப் போட்டார்கள். அப்போது ஒரு மாணவி, தன் வீட்டில் சுவிட்சை அணைத்தபிறகும் எல்இடி பல்பு ராத்திரி முழுக்க லேசாக மின்னிக்கொண்டே இருக்கும் என்றாள். சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும், வயர்கள் நெடுந்தூரம் ஒட்டி ஓடினாலும் அப்படி வரும். மூன்றில் எது என்று கண்டுபிடிக்க எந்தச் சோதனையை முதலில் செய்வாய் என்று அவளையே எழுதச் சொன்னேன். ஹோல்டரில் டெஸ்டர் என்று எழுதினாள். அவள் அப்பா வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தபோது சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்திருக்கிறது. பல்பு மாற்றும்போது அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்ததே பெரிய விஷயம்.

மாடிப்படி வயரிங் (ஒரே பல்பை மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைப்பது) எல்லோருக்கும் பிடித்தது, சீக்கிரமே முடிந்தது. அதற்கான டூவே சுவிட்சின் மூன்று டெர்மினலில் எது காமன், அதாவது பொது முனை, என்று மட்டும் மீட்டரைக் கண்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன். பெரும்பாலும் நடு டெர்மினல்தான், ஆனாலும் பீப் சத்தத்தைக் கேட்காமல் நம்பக்கூடாது. காமனும் ஓர வயரும் மாறிப்போனால், மேலே உள்ள சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால்தான் கீழே உள்ளது வேலை செய்யும். பல வீடுகளில் அப்படியே பழகிக்கொண்டு வாழ்கிறார்கள்.

சாக்கெட்டில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது, செருகும்போது முதலில் தொடவும் உருவும்போது கடைசியாக விடவும்தான். மூன்று அளவு எடுக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230. பேஸுக்கும் எர்த்துக்கும் 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பூஜ்யம் அல்லது ஓரிரு வோல்ட்.

மூன்றும் சரியாக வந்தபின் ஒரு பையன் டெஸ்ட் லாம்பைப் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தான். படாரென்று ஆர்சிசிபி விழுந்தது. முகம் வெளிறிவிட்டது, எதையோ உடைத்துவிட்டதாக நினைத்துவிட்டான். ‘நல்லாத்தானே வேலை செஞ்சிருக்கு தம்பி’ என்று சொல்லி, லாம்பு எடுக்கும் கரண்டைக் கணக்குப் போடச் சொன்னேன். முழுதாக எரிந்தால் 430 மில்லி ஆம்பியர். பேஸ் வழியாகப் போனது நியூட்ரல் வழியாகத் திரும்பாமல் எர்த்தில் போகிறது. ஆர்சிசிபி பார்ப்பது போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான். 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டியது, 430க்கு விழாமல் இருக்குமா? அதன் பிறகு எர்த் இருக்கிறதா என்பதற்கு டெஸ்ட் லாம்பால் ஆர்சிசிபியை விழவைப்பதும் ஒரு சோதனை என்று அவர்களே நோட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டன் எர்த்தைச் சோதிக்காது, தன்னைத்தானே மட்டும் சோதிக்கும் என்பதையும் அதே பக்கத்தில் எழுதவைத்தேன். வீட்டில் பலர் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு எர்த்தும் சரி என்று நினைக்கிறார்கள்.

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் கிரைண்டர் வந்தது. ஒரு மாணவன் சொன்னான்: ‘எங்க வீட்டு கிரைண்டர்ல லேசா ஷாக் அடிக்கும் சார். அம்மா பலகை போட்டு அது மேல நின்னுதான் மாவாட்டுவாங்க.’ வகுப்பில் கேட்டேன், இன்னும் சில கைகள் உயர்ந்தன. பலகை போட்டு நிற்பது நம் அடுக்களைகளில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். கிரைண்டரை மறுநாள் அவன் அப்பா ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார், டேபிள் டாப் வகை.

பிளக்கைச் செருகுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளே பட்டியல் போட்டார்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் கிரைண்டர் பாடிக்கும் நடுவில் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும் என்று இடப்பக்கம் எழுதினார்கள். மீட்டர் எதையும் காட்டவில்லை, பீப் இல்லை. பிளக்கைக் கழற்றினால் காரணம் தெரிந்தது. எப்போதோ கார்டு அறுந்து மாற்றியவர் டூ கோர் வயரைப் போட்டிருக்கிறார். மூன்று பின் பிளக், உள்ளே இரண்டு வயர். எர்த் பின் அழகுக்கு நிற்கிறது.

அடுத்தது மெக்கர், கரண்டு கசிகிறதா என்று அறிய இன்சுலேஷனின் தடையை அளக்கும் மீட்டர், 500 வோல்ட். கிரைண்டரின் சுவிட்சைப் போட்டுவைத்து, பேஸ் நியூட்ரல் பின்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, பாடி மறு முனை. குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும், நல்ல மோட்டாருக்குப் பல மடங்கு வரும். 0.3 காட்டியது. உடனே கணக்கு: 230 வோல்ட்டை 3 லட்சம் ஓமால் வகுத்தால் கிட்டத்தட்ட முக்கால் மில்லி ஆம்பியர். மனிதன் உணரத் தொடங்குவது அரை, ஒரு மில்லி ஆம்பியரில். அம்மா சொன்ன ‘லேசா’ என்ற வார்த்தைக்கு எண் கிடைத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் அந்த 0.3 எங்கே போகும், அப்போது பலகை நனைந்திருந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வகுப்பில் சத்தமே இல்லை.

மோட்டார் பகுதியைத் திறந்து சுத்தம் செய்தோம். குற்றாலச் சாரல் நேரம், வெயில் கிடைப்பதே பாடு. 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதன் பக்கத்தில் வைத்தும், கிடைத்த வெயிலில் காட்டியும் உலர்த்தி, நாளொன்றுக்கு ஒரு தடவை மெக்கர் வைத்தார்கள். எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 20ஐத் தாண்டியதும் த்ரீ கோர் கார்டு மாற்றி, எர்த்தைப் பாடியில் ஸ்குருவோடு இறுக்கினோம். பெயின்ட்டின் மேல் இறுக்கினால் எர்த் பிடிக்காது. உப்புத்தாளால் சுரண்டி இரும்பு தெரிந்தபின்தான் மாட்ட வேண்டும். எர்த் பின்னிலிருந்து பாடிக்கு அரை ஓமுக்கும் கீழே வந்தது.

இதோடு கொடுத்து அனுப்பியிருந்தால் வேலை பாதிதான். வீட்டு சாக்கெட்டைப் பார்க்காமல் செருகக்கூடாது என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அடுக்களை சாக்கெட்டில் பேஸ் நியூட்ரல் 230, பேஸ் எர்த் 230, நியூட்ரல் எர்த் பூஜ்யம். மூன்றும் பாடத்தில் உள்ளபடியே. ‘சரியா இருக்கு சார்’ என்றான். இன்னொரு சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு மறுபடி நியூட்ரல் எர்த்தைப் பார்க்கச் சொன்னேன். லோடு ஓடினால் நியூட்ரல் வயரில் கொஞ்சம் வோல்ட் விழும், எர்த்தில் விழாது, ஆகவே நடுவில் ஒரு வோல்ட்டாவது தெரிய வேண்டும். அசையாமல் பூஜ்யமே நின்றது. மெயினை அணைத்து, எல்லா பிளக்குகளையும் உருவி, மூன்று படி டெஸ்டர் சோதனை முடித்து சாக்கெட்டைத் திறந்தோம். நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் டெர்மினலுக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டு வயர். எர்த் வயரே அந்தப் பைப்பில் வரவில்லை.

எர்த் இழுக்காமல் காசை மிச்சம் பிடிப்பதற்கு இந்தத் துண்டு வயரைப் போடுகிறார்கள். மீட்டர் வைத்தால் 230 காட்டும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. எங்காவது நியூட்ரல் ஒரு இடத்தில் விட்டுப்போனால், லோடு வழியாக வரும் பேஸ் இந்தத் துண்டு வயரில் ஏறி நேராக கிரைண்டர் பாடிக்கும் பிரிட்ஜ் பாடிக்கும் வந்து நிற்கும். வகுப்பில் இடது துளையில் டெஸ்டரை எரியவைத்த அதே ரிட்டன்தான் இது. முன்பு டூ கோர் வயர் இருந்தவரை இது கிரைண்டருக்கு வரவில்லை. நாங்கள் நல்லது செய்வதாக நினைத்து மாட்டிய த்ரீ கோர் கார்டுதான் இந்தத் துண்டு வயரோடு அதன் பாடியைச் சேர்த்திருக்கும். அந்தப் பையன் இதைத் தானாகவே சொன்னான்.

மீட்டர் பக்கத்தில் எர்த் பைப் இருந்தது. இன்னும் அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நல்ல வேளை. அங்கிருந்து அடுக்களை வரை 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை வயர் இழுத்து, துண்டு வயரை வெட்டி எடுத்தோம். மெயினுக்கு அடுத்து ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். டெஸ்ட் லாம்பை அந்த சாக்கெட்டில் பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்ததும் விழுந்தது. அவன் அம்மாவிடம், இனி பலகை வேண்டாம், ஆனால் கையில் சுள்ளென்று பட்டால் அன்றே சொல்லுங்கள் என்றேன். ‘இத்தனை வருஷமா இது கிரைண்டரோட குணம்னுல்ல நெனச்சேன்’ என்றார்.

பள்ளியில் இப்போது ஒருவர் பலகையில் இன்னொருவர் பழுது வைக்கும் கட்டம் நடக்கிறது. கரண்டு இல்லாத நேரத்தில் ஒரு குழு பழுது வைக்கும், நான் பார்த்து அனுமதித்தபின் அடுத்த குழு கண்டுபிடிக்கும். நியூட்ரலை விடுவது, சுவிட்சை மாற்றுவது, பேஸையும் நியூட்ரலையும் தலைகீழாகப் போடுவது எல்லாம் ஆரம்பத்தில். இப்போது தோல் உரிக்காத வயர் மேல் ஸ்குருவை இறுக்குவது வரை வந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரி, கண்டினியூட்டி மட்டும் வராது. எங்கே புரோபை வைத்தார்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. வைக்கும் முன் என்ன எழுதினார்கள், வேறொன்று காட்டியதும் அடுத்து எங்கே போனார்கள் என்பதற்குத்தான்.

அடுத்து இன்வெர்ட்டர் பலகை ஒன்று செய்ய வேண்டும். இங்கே நிறைய வீடுகளில் இன்வெர்ட்டர் லைனுக்கும் சாதாரண லைனுக்கும் ஒரே நியூட்ரலைப் பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். பிறகு யாராவது ஆர்சிசிபி மாட்டினால் அது நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் ஆர்சிசிபியைத்தான் கழற்றி எறிவார்கள். போனதும் வந்ததும் ஏன் சமமாகவில்லை என்று பிள்ளைகளால் இப்போது எழுத முடியும். நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டுவதைத்தான் பலகையில் செய்து பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் ஒன்று இருக்கிறது. பேட்டரி கிடைத்துவிட்டால் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கிவிடலாம்.